எஃப் ஃபைவ் மேல ஒரு பொட்டு

இப்படி உக்காரு தங்கச்சி. அந்தப் பெஞ்சு ஆடும், ஒரு கால் சரியில்ல அதுக்கு. எத்தனையோ பேரு சொல்லியாச்சு, ஒருத்தனும் மாத்தல. இங்க வா, எம் பக்கத்துல வா.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையில பிளாஸ்டிக் கவரு, அதுக்குள்ள சர்டிபிகேட்டு, நெத்தி வெறும் நெத்தி. கருணை அடிப்படை வேலைக்குத்தான வந்திருக்க? நானும் இதே பெஞ்சுலதான் கவரை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணத் துடை. பிறகு அழுவோம். அழுத கண்ணோட உள்ள போனா அந்த கிளார்க்கு நாளைக்கு வான்னு அனுப்பிருவான், ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன்.

நானா? எனக்கு இன்னைக்குப் பரிட்சை. அந்தா, அந்தக் கதவுக்குப் பின்னாலதான் நடக்கு. ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, என் பேரு உலகம்மாள், கூப்பிட்டா நீயும் கொஞ்சம் காதுல வாங்கிக்கோ, எனக்கு இப்பக் காது அடைச்சுப் போய்க் கெடக்கு. கையத் தொட்டுப் பாரு. ஜில்லுன்னு இருக்கா? அதான் உன்கிட்ட இப்படிப் பேசிக்கிட்டே இருக்கேன். வாய மூடினா பல்லு கிடுகிடுன்னு அடிக்கு.

வேலை குடுத்திருவாங்க, அதப் பத்திக் கவலைப்படாத. லேப்ல உதவியாளர் வேலை. ஆனா ஆர்டர்ல கடைசியில ஒரு வரி போட்டிருப்பாங்க, அப்பவே படிச்சுக்கோ. நான் படிக்கல. இங்க யுனிவர்சிட்டியிலயே கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதச் சொல்லிக் குடுக்க ஒரு கோர்ஸ் இருக்கு, அதுல சேந்து தேறணும். தேறினாத்தான் வேலை நிரந்தரம். ரெண்டு வாய்ப்பு குடுப்பாங்க. ஒண்ண நான் தொலைச்சாச்சு, இது ரெண்டாவது. இதுலயும் போச்சுன்னா வேலையும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு. வீட்ல ஒரு பொம்பளப் புள்ள இருக்கா, கோமதின்னு, பிளஸ் டூ படிக்கா. அவளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போய் நிக்க? எங்க அம்மா வீட்ல இப்ப அண்ணிதான் எல்லாம்.

எங்க வீட்ல அவங்க இதே லேப்லதான் இருந்தாங்க. உள்ள சுவத்துல மாலை போட்டு ஒரு போட்டோ மாட்டியிருக்கு, போனா பாரு. கீழ பேரும் எழுதியிருக்கு, நீயே படிச்சுக்கோ. இந்த டிபார்ட்மென்ட்ல ஒரு மிஷின் நின்னுட்டாலும் அவங்களைத்தான் கூப்பிடுவாங்க. புள்ளைங்கல்லாம் சார் சாருன்னு உயிர விடும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு நெஞ்ச வலிக்குன்னு நாக்காலியில உக்காந்தாங்க. அவ்வளவுதான். எந்திரிக்கல.

என்னைய எப்படி வச்சிருந்தாங்கன்னு நினைக்க? ஒரு சுவிட்சத் தொட விட்டதில்ல. எனக்கு உடம்புல கரண்டு உண்டு, தங்கச்சி. சிரிக்காத. கல்யாணமான புதுசுல ரேடியோ குமிழத் தொட்டேன், கரகரன்னு ஒரே கத்து. அவங்க ஓடி வந்து என் கையத் தட்டி விட்டுட்டு, உனக்கு உடம்பே ஒரு மாதிரி, நீ மிஷின் பக்கமே வராதன்னாங்க. அன்னையிலேருந்து மிக்ஸி கூட அவங்கதான் போட்டுக் குடுப்பாங்க. அவங்க ஆபீசுக்குப் போயிட்டா நான் அம்மியில அரைச்சுக்குவேன். எந்தப் புருஷன் இவ்வளவு பாப்பான், சொல்லு. பஸ்ல தனியாப் போனா உனக்கு மயக்கம் வரும்னாங்க, அதனால அம்மா வீட்டுக்குக் கூட அவங்களுக்கு லீவு கிடைச்சாத்தான் போவோம். மயக்கம் ஒருநாளும் வந்ததில்ல. ஏறினாத்தான வரும்.

வீட்லயும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருந்தாங்க. நான்தான் பூப்போட்ட துணி எடுத்து அதுக்கு உறை தைச்சேன். அந்த உறையைத் தூசி தட்டுவேன், அதுவும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு. இதுக்குள்ள புள்ளைங்க மார்க்கெல்லாம் இருக்கு, நீ ஒரு கீயத் தொட்டாலும் அத்தனையும் அழிஞ்சிரும், என்னையக் கொண்டு போய் ஜெயில்ல வச்சிருவாங்கன்னு சொல்லியிருந்தாங்க. எத்தனை வீட்டுப் புள்ளைங்க, எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கும். அவங்க போன பிறகு கோமதி கேட்டா, ஏம்மா நான் அதுல படிச்சுக்கிடட்டுமான்னு. தொடாதட்டி, தொட்டா எல்லாம் அழிஞ்சிரும்னேன். அவ்வளவுதான், அவ திரும்பப் பேசல. அடங்கின புள்ள. இப்பல்லாம் அந்த ரூமுக்குள்ள போனாலே செவுத்து ஓரமாத்தான் நடப்பா.

அப்படிப்பட்ட என்னையக் கொண்டு போய் ப்ரோக்ராம் எழுதுன்னா எப்படி இருக்கும்? முதல் நாள் லேப் வாசல்ல செருப்பக் கழட்டச் சொன்னாங்க. இங்க எல்லாரும் செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும், தூசி ஆகாதாம். வெறுங்காலோட தரையில நின்னு மிஷினத் தொட்டா என் உடம்புக்கு என்ன ஆகும்? மறுநாள் வீட்லேருந்து உக்காருத மரப்பலகையப் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். இந்தா, இந்தப் பலகைதான். பை ஏன் இவ்வளவு கனமா இருக்குன்னு பாத்துக்கிட்டேதான இருந்த? இதக் காலுக்கடியில போட்டு, அதுமேல ரெண்டு காலையும் வச்சுக்கிட்டுத்தான் உக்காருவேன். எழுத்து அடிக்கதுக்கு விரலால கீயத் தொடல. பென்சில் பின்னால ரப்பர் இருக்கும்லா, அதத் திருப்பி வச்சு ஒவ்வொரு எழுத்தா அமுக்குவேன். கூட இருந்ததெல்லாம் கோமதி வயசுப் புள்ளைங்க. ஆன்ட்டி கோழி மாதிரிக் கொத்துது பாருன்னு சிரிச்சாங்க. சிரிச்சா சிரிக்கட்டும், எனக்கு உசுரு முக்கியம்.

பாடம் புரியலையான்னு கேக்காத, புரிஞ்சுது. அது என்ன பெரிய வித்தை? ஒண்ணும் தெரியாத ஒருத்திய வேலைக்கு வச்சா எப்படிச் சொல்லுவோம்? அடுப்பப் பத்த வை, தண்ணி கொதிச்சாச்சான்னு பாரு, கொதிக்கலைன்னா இரு, கொதிச்சா அரிசியப் போடு. அப்படித்தான். பாடம் எடுக்கது பெனாசிர் மேடம், வயசுல சின்னவங்க, நல்லாச் சொல்லுவாங்க. நிறைய நம்பர் குடுத்து அதுல எது பெரிசுன்னு கண்டுபிடிக்க ப்ரோக்ராம் எழுதச் சொன்னாங்க. நான் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். ஒரு தப்புக் கிடையாதுன்னு கிளாஸ் முன்னாடியே சொன்னாங்க. அந்தச் சிரிச்ச புள்ளைங்க எல்லாம் அன்னைக்கு என் பேப்பரப் பாத்துத்தான் எழுதுச்சு.

ஆனா எழுதினா மட்டும் போதுமா? அத ஓட விடணும். மேல் வரிசையில எஃப் ஃபைவ்னு ஒரு கீ உண்டு. மத்த கீய அமுக்கினா எழுத்து வரும், போகும். இத அமுக்கினாத்தான் அது நெசமா செய்ய ஆரம்பிக்கும். எனக்குப் பயம் முழுக்க அந்த ஒரு கீ மேலதான். எது அழிஞ்சாலும் அதனாலதான் அழியும்னு மனசுல விழுந்துட்டு. பக்கத்து சீட்டுல ஒரு புள்ள, நிவேதான்னு பேரு, அவகிட்ட ஏட்டி இதக் கொஞ்சம் அமுக்கேன்னு கெஞ்சுவேன். அவ செல்போனப் பாத்துக்கிட்டே ஒரு விரலால டக்குன்னு தட்டுவா. நான் கண்ண மூடிக்குவேன்.

பிறகு ஆயுதபூஜை வந்துச்சு. இங்க லேப்ல பெரிசாக் கும்பிடுவாங்க. லீவுக்கு முந்தின நாளு, வாசல்ல மாவிலை, பொரி, சுண்டல், எல்லா மிஷினுக்கும் பொட்டு. வயசுல மூத்த பொம்பளைன்னு பொட்டு வைக்குத வேலைய என்கிட்ட விட்டாங்க. அன்னைக்கு எனக்கு என்னா சந்தோஷம் தெரியுமா. மெயினையே ஆஃப் பண்ணிட்டாங்கல்லா, எல்லாம் செத்த மாதிரிக் கெடக்கு, தொட்டா ஒண்ணும் செய்யாது. சந்தனத்த நல்லாக் குழைச்சு ஒவ்வொண்ணுக்கும் டிவி மாதிரி இருக்குல்லா அதுமேல ஒண்ணு, பெட்டி மேல ஒண்ணு, அப்புறம் எஃப் ஃபைவ் மேல ஒண்ணு. அது மேல மட்டும் கொஞ்சம் தாராளமாவே வச்சேன். தாயே, நீதான் இதப் பாத்துக்கணும்னு வேண்டிக்கிட்டு வச்சேன். மனசு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.

லீவு முடிஞ்சு வந்து திறந்தா, லேப் முழுக்க ஒரு மிஷின்லயும் ப்ரோக்ராம் ஓடல. சந்தனம் உள்ள இறங்கி, காஞ்சு, அத்தனை எஃப் ஃபைவும் சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிப் போச்சு. புள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம். டெக்னீசியன் வந்து எந்த அறிவாளி செஞ்ச வேலை இதுன்னு கத்துதாரு. நான் அந்தத் தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். அம்மனே இறங்கி வந்து அந்தக் கீயப் பூட்டிட்டான்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு வேற.

மேடம் என்னையத் தேடிப் பிடிச்சுட்டாங்க. திட்டல. பஞ்சையும் ஸ்பிரிட்டையும் கையில குடுத்து, வச்சது நீங்க, எடுக்கதும் நீங்கதாம்மான்னாங்க. அவங்களும் பக்கத்துல உக்காந்தாங்க. துடைச்சேன், சுரண்டினேன், ஊசியால கெல்லினேன். எல்லாம் சரி. ஆனா கீ சரியாயிட்டான்னு எப்படித் தெரியும்? அமுக்கிப் பாத்தாத்தான் தெரியும். மேடம் மிஷினப் போட்டுட்டாங்க. நான் எழுதின அந்தப் பெரிய நம்பர் ப்ரோக்ராமையே திறந்து வச்சுட்டு, இப்ப அமுக்குங்கங்காங்க. பென்சிலக் காணோம். நிவேதாவக் காணோம். பலகை வாசல்ல பையில கெடக்கு, வெறுந்தரையில நிக்கேன். முடியாது மேடம்னேன். என்னம்மா இது, நீங்க வச்ச பொட்டுதானன்னாங்க. பஞ்ச விரலுக்கு நடுவுல வச்சு, கண்ண மூடி, அமுக்கிட்டேன்.

அடுத்த நிமிஷம் கேட்டேன், மேடம், அழிஞ்சு போச்சான்னு.

எது அழியணும்னு கேட்டாங்க. புள்ளைங்க மார்க்கெல்லாம்னேன். அவங்களுக்குச் சிரிப்புத் தாங்கல. கண்ணத் திறந்து பாருங்க, உங்க ப்ரோக்ராம் ஓடி விடையும் வந்துட்டு, இதுல என்னத்த அமுக்கினாலும் யாரு மார்க்கும் அழியாது, உங்ககிட்ட யாரு இப்படிச் சொன்னதுன்னு கேட்டாங்க. எங்க வீட்ல அவங்கதான் மேடம், உங்களுக்குத் தெரியுமே, இந்த லேப்லதான இருந்தாங்கன்னேன்.

மேடம் சிரிக்கத நிறுத்திட்டாங்க. திரும்பி, சுவத்துல மாட்டியிருந்த போட்டோவப் பாத்தாங்க. அவங்க மேல அவ்வளவு மரியாதை மேடத்துக்கு. பிறகு மெதுவாச் சொன்னாங்க.

"நானும் இங்க படிச்சவதாம்மா. முதல் நாள் பயந்து அழுதுக்கிட்டு அந்த வாசல்ல நின்னேன். உங்க வீட்டு சார்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. எத வேணும்னாலும் அமுக்கும்மா, ஒண்ணும் அழியாது, தப்பு வந்தா திருத்திக்கலாம், பயந்தாத்தான் இது வராதுன்னாங்க. வருஷா வருஷம் புதுசா வர்ற எல்லாப் புள்ளைங்களுக்கும் முதல் நாள் அதத்தான் சொல்லுவாங்க."

எனக்குப் பெருமையா இருந்துச்சு தங்கச்சி. ஆமா, பெருமையாத்தான் இருந்துச்சு. ஊரான் வீட்டுப் புள்ளைங்களுக்கு எவ்வளவு தைரியம் சொல்லியிருக்காங்க பாரு. அவங்க மனசு அப்படி. என் விஷயம் வேற. எனக்கு உடம்புல கரண்டு இருக்குல்லா, அதனால என்கிட்ட வேற மாதிரிச் சொல்லியிருப்பாங்க. என் மேல உள்ள அக்கறை. மேடத்துக்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். மேடம் பஞ்ச எடுத்து அடுத்த கீயத் துடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அன்னைக்கு லேப்ல இருந்த அத்தனை எஃப் ஃபைவையும் நான்தான் அமுக்கினேன், ஒண்ணு பாக்கியில்லாம. ஒண்ணாவது கரகரன்னு கத்தணுமே. கத்தல.

வீட்டுக்கு வந்து அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். உறைய எடுக்கல. சும்மா உக்காந்திருந்தேன். கோமதி வந்து ஏம்மா லைட்டப் போடாம இருக்கன்னு கேட்டா. தலை வலிக்குன்னேன். அவ அடுப்படிக்குப் போய் மிக்ஸியப் போட்டா, எனக்குத் தூக்கி வாரிப் போட்டுட்டு. ஏட்டி, நிறுத்துன்னு கத்தினேன். ஏன் கத்தினேன்னு எனக்கே தெரியல. அவ பயந்து போய் அப்படியே நிறுத்திட்டா. மறுநாள்லேருந்து அவளும் அம்மியிலதான் அரைக்கா.

அப்புறம் முதல் பரிட்சை வந்துச்சு. வெளியூர்லேருந்து ஒருத்தரு வந்து உக்காந்திருந்தாரு, கண்ணாடி போட்டுக்கிட்டு, மூஞ்சியில சிரிப்பே கிடையாது. கேள்விச் சீட்டுக் குலுக்கல்ல எனக்கு வந்தது அதே பெரிய நம்பர் ப்ரோக்ராம்தான். யோகம்னு நினைச்சுக்கோ. பலகையப் போட்டு உக்காந்து பென்சிலால மளமளன்னு அடிச்சு முடிச்சேன், எனக்கு முன்னால யாரும் முடிக்கல. ஓட விட்டுக் காட்டணும், அதான் மிச்சம். விரல எஃப் ஃபைவ் மேல கொண்டு போனேன். போன விரலு அங்கயே நின்னுட்டு. நகரல. அந்தப் பரிட்சைக்காரரு வந்து ரன் பண்ணுங்கன்னாரு. மறுபடியும் வந்து நேரம் ஆவுதும்மான்னாரு. மணி அடிச்சுட்டு. என் விரலு அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. ஓடாத ப்ரோக்ராமுக்கு மார்க் கிடையாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

வெளிய வந்ததும் மேடம் கேட்டாங்க, இன்னும் அழிஞ்சிரும்னு பயமாம்மான்னு. ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?

உன்கிட்ட சொல்லுதேன். நீ யாரோ, நான் யாரோ. அழிஞ்சிரும்னு எனக்குப் பயம் இல்ல. துடைச்ச அன்னைக்கே அது போயிட்டு. எனக்கு என்ன பயம்னா, அத்தனை பேரு முன்னால, அவங்க போட்டோவுக்கு நேர் எதிர்ல நான் அத அமுக்கி, ஒண்ணுமே ஆகலைன்னா? ஏதாவது ஒண்ணு அழியணும் தங்கச்சி. சின்னதா ஒரு மிஷினாவது கெட்டுப் போகணும். அவங்க சொன்னதுல ஒண்ணாவது நெசமா இருக்கணும்லா? இல்லைன்னா அந்த ரேடியோ? அந்த பஸ்ஸு? எங்க அம்மாவ நான் கடைசியாப் பாக்கப் போகாம இருந்தேனே, அவங்களுக்கு லீவு கிடைக்கலைன்னு? சவம், அந்த நினைப்பே வேண்டாம்னு தள்ளி விடுதேன், திரும்பத் திரும்ப அதே வாசல்ல வந்து நிக்கு.

அமுக்கலைன்னா நடுத்தெரு. அமுக்கினா இது. எதுக்குப் பயப்படுததுன்னே தெரியல எனக்கு.

கூப்பிடுதாங்களா? உலகம்மாள்னா சொன்னாங்க? ஆமா, என் பேருதான். இரு, கொஞ்சம் இரு. கையக் குடு. செருப்ப இங்கயே விட்டுட்டுப் போறேன், பாத்துக்கோ.

பலகையா? பலகை... நீயே வச்சிரு. எடுத்துட்டுப் போகல. இன்னைக்கு வெறுங்காலோடதான் உக்காரப் போறேன், என்ன ஆகுதுன்னு பாத்துருவோம். ஏதாவது ஆச்சுன்னா மேடம் உன்கிட்ட வந்து சொல்லுவாங்க.

ஒண்ணும் ஆகாம நான் பாஸாகி வெளிய வந்துட்டேன்னா, சாயங்காலம் கோமதிகிட்ட நான் என்ன சொல்லுவேன் தங்கச்சி?